ஐ.சி.யு.வுக்குள் போன எண்ணெய் பாட்டில்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. இதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாலு பேர் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுதும்போது எதிரில் யாரும் நிற்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவள் என் வீட்டுக்காரருக்கு அக்கா, எட்டு வயது மூத்தவள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்பதை நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாதபடி வாரத்துக்கு இரண்டு தடவை அவளே சொல்லிவிடுவாள். நான் கல்யாணமாகி வந்த மறுநாள், என் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "என் தம்பி இத்த எப்படித் தின்னப் போறானோ" என்றாள். அந்தத் தம்பி அந்தக் குழம்பை நாற்பத்தோரு வருடம் தின்றார்.

எங்கள் ஊர் செஞ்சிக் கோட்டைக்கு மேற்கே. பாதிப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் டாக்டருக்கு முன்னால் அண்ணிக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவளிடம் ஒரு எண்ணெய் பாட்டில் இருந்தது. இருமல் மருந்து வந்த சின்னக் கண்ணாடி பாட்டில். ஒரு வருடம் மாதா திருவிழாவுக்குப் போனபோது மந்திரித்த எண்ணெய் வாங்கி அதில் ஊற்றி வந்தாள். அது குறையக் குறையத் தேங்காய் எண்ணெய் ஊற்றி நிரப்பிக்கொள்வாள். அடியில் கொஞ்சம் மந்திரித்தது இருந்தால் மேலே ஊற்றுவதும் மந்திரித்ததாகிவிடும் என்பது அவள் எண்ணம். பாட்டில் வாயில் கட்டை விரலை வைத்துக் கவிழ்ப்பாள். விரல் நனைந்ததும் நோயாளி நெற்றியில் சிலுவை போடுவாள். மறுபடி அதே விரலைப் பாட்டில் வாயில் வைப்பாள். அந்த பாட்டிலைப் பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூடக் கழுவியதில்லை. கழுவினால் ஆசீர்வாதம் போய்விடுமாம்.

என் மேலும் தப்பு உண்டு. அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அவள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம் குத்தகைக்கு மல்லாட்டைப் பயிர் போட்டிருந்தார். மடை திருப்பும்போது மண்வெட்டி இடது கால் பெருவிரலில் பட்டுவிட்டது. அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடையில் காலைக் காட்டாமலே, "புண்ணுக்குக் குடுப்பா" என்று கேட்டு, கறுப்பும் சிவப்புமான கேப்சூல் வாங்கி வந்தேன். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். இரண்டை விழுங்கக் கொடுப்போம், ஒன்றைப் பிரித்து உள்ளே இருக்கிற பொடியைப் புண்ணில் தூவுவோம். இரண்டு நாளில் காய்ந்த மாதிரி இருக்கும், நிறுத்திவிடுவோம். மிச்சத்தைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்போம். புண் நீர் வைத்தால் மறுபடி டப்பாவைத் திறப்போம். ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் வந்தபோதும் அந்த டப்பாவிலிருந்துதான் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். இப்படி இரண்டு மாதம் போயிற்று.

அப்புறம் ஒரு நாள் காலையில் அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பேச்சு குழறியது. செஞ்சியில் பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போன அன்றைக்கே ஐ.சி.யு.வில் சேர்த்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, மூச்சு மெஷின் வைத்துவிட்டார்கள். புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனால் உடனே வர முடியவில்லை. ஆக ஆஸ்பத்திரியில் நானும் அண்ணியும்தான். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர், பத்து பத்து நிமிடம் உள்ளே போய்ப் பார்க்கலாம். காலையை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்று எழுதுகிறேனே தவிர, அவள்தான் பிரித்தாள். "சாய்ங்காலம் செபம் பண்ற நேரம், அது எனக்கு" என்றாள்.

மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். எங்களை யாரும் மனுஷராக மதித்ததில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றால் காவல்காரர், "தள்ளு, தள்ளு, வழி வுடு" என்பார். சிறு டாக்டர்கள் எங்கள் பாயை மிதித்துக்கொண்டு போவார்கள். எனக்கு யாரையும் எதையும் கேட்கத் தெரியவில்லை. அண்ணி எல்லாரையும் கேட்பாள், எல்லாரிடமும் திட்டு வாங்குவாள், திரும்பி வந்து என்னைத் திட்டுவாள்.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என் மகன் வயதுதான் இருக்கும். கையில் ஒரு காகிதம்.

"அவருக்கு வந்திருக்கிற கிருமி இன்னதுன்னு டெஸ்ட்ல வந்திருச்சும்மா. இதுல இருக்கிறதெல்லாம் ஆன்டிபயாட்டிக் மருந்து பேரு. எதுக்கு அந்தக் கிருமி சாகும், எதுக்குச் சாகாதுன்னு போட்டிருக்கு."

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும். படிக்கத்தான் தெரியாது. மேலிருந்து கீழே வரை ஒவ்வொரு மருந்துக்கு நேராகவும் ஆர், ஆர், ஆர் என்று இருந்தது. கடைசியில் ஒன்றுக்கு மட்டும் எஸ்.

"ஆர்னு இருக்கிறது எதுவும் கேக்காது. இந்த ஒண்ணுதான் கேக்குது. அது கிட்னிய அடிக்கும். அவர் கிட்னி ஏற்கெனவே சுமார்தான். வேற வழி இல்ல, அதத்தான் போடப் போறோம்." பிறகு கேட்டார்: "வீட்ல என்ன மருந்து குடுத்தீங்க?"

அண்ணி எழுந்து முன்னால் வந்தாள்.

"இவதான் சார் மாத்திரயப் பிச்சிப் பிச்சிப் பொடி தூவுவா. பவுடர் போட்ற மாதிரி. நான் சொன்னேன், வேணாம்டின்னு."

அவள் சொல்லவே இல்லை. அவளுக்கு முழங்காலில் சிரங்கு வந்தபோது அதே டப்பாவிலிருந்து இரண்டு வாங்கிப் போனவள் அவள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, சலிப்பாகப் பார்த்தார். "பாதி பாதியா குடுத்து நிறுத்தினா கிருமி பழகிக்கும்மா. அப்புறம் நாங்க குடுக்கிறது எதுவும் வேலை செய்யாது. இந்தக் கிருமி வீட்லருந்தே வந்துச்சா, இங்க வந்து ஒட்டிக்கிச்சான்னு எனக்கே தெரியாது. ஐ.சி.யு.லயும் இருக்கும். ஆனா இனிமே அப்படிப் பண்ணாதீங்க."

இனிமேல் யாருக்குப் பண்ணப் போகிறேன்?

அன்றைக்கு என் வீட்டுக்காரர் கட்டில் கம்பியில், இந்தக் கிருமி உள்ளவர் என்பதற்கு அடையாளமாக, மஞ்சள் அட்டை ஒன்று கட்டினார்கள். நர்ஸ் ஒருத்தி, பிள்ளைத்தாய்ச்சி, ஆறு மாதமிருக்கும், என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கை கழுவச் சொல்லிக் கொடுத்தாள். விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரலைச் சுற்றி, மணிக்கட்டு வரை.

"இந்தக் கிருமி காத்துல பறந்து வராது பாட்டி. கையாலதான் போகும். அவர் கட்டிலத் தொட்ட கையோட பக்கத்துக் கட்டிலத் தொட்டா முடிஞ்சுது. இந்த மருந்தும் கேக்காமப் போச்சுன்னா எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல. உங்ககூட வர்ற அம்மாகிட்டயும் சொல்லிடுங்க."

நான் அண்ணியிடம் சொன்னேன். "கை கழுவாமயா உள்ள போறன்? எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். தொண்டூர்ப் பக்கம். பிரசவத்தில் வலிப்பு வந்து கொண்டுவந்திருந்தார்கள். குழந்தை நன்றாக இருந்தது, வீட்டில் யாரோ பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய அம்மா எங்கள் பாய்க்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் பெண்ணைப் பிழைக்க வைக்கிறேன் என்று யார் வந்தாலும் கும்பிடுகிற நிலைமையில் இருந்தாள்.

ஏழாம் நாள் சாயங்காலம் அண்ணி உள்ளே போனபோது கதவில் இருக்கிற கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குழாயடியில் நன்றாகத்தான் கை கழுவினாள், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தாள். தம்பி நெற்றியில் சிலுவை போட்டாள். மார்பில் போட்டாள். குழாய் ஒட்டியிருந்த கன்னத்தைத் தடவினாள். மறுபடி விரலைப் பாட்டிலில் வைத்தாள். அப்படியே இரண்டு எட்டு நடந்து அந்தப் பெண்ணின் நெற்றியிலும் போட்டாள், உதட்டோரத்தில் குழாய்க்குப் பக்கத்திலும் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மரியே செபம் சொன்னாள். நர்ஸ் வேறு யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அந்த அம்மாவிடம், "ஒம்பொண்ணுக்கும் போட்டு வுட்டன், பயப்படாத" என்றாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை.

நான் சொல்லியிருக்க வேண்டும். "அண்ணி, அது தப்பு" என்று மூன்று வார்த்தை. வாய் வரை வந்தது. அந்த அம்மா அழுதுகொண்டு சிரித்தாள், அண்ணி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள், நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள். மூன்று நாள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். பெரிய டாக்டர் ஒருவர் ரவுண்ட்ஸ் வந்தபோது என் வீட்டுக்காரர் கால் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போன் வந்து பேசிக்கொண்டே, கை கழுவாமல் அந்தப் பெண்ணின் வயிற்றில் கை வைத்தார். அதையும் அதே கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

பத்தாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் ஏறியது. மெஷினைக் கழற்றப் போகிறோம் என்று சொல்லியிருந்தவர்கள் கழற்றவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் கட்டில் கம்பியிலும் மஞ்சள் அட்டை.

அவளுடைய அம்மா வந்து என் பாயில் விழுந்தாள். "எம்பொண்ணுக்கும் ஒங்க வூட்டுக்காரருக்கு வந்த அதே கிருமியாம்க்கா. ரெண்டு நாள்ல வூட்டுக்கு அனுப்புறன்னு சொன்னாங்களே. எங்கருந்துக்கா வந்துச்சு?"

அண்ணி சொன்னாள்: "எல்லாம் சோதன. நான் இன்னிக்கு ரெண்டு தடவயா போட்டு வுட்றன்."

அப்போது எழுந்தேன். பிள்ளைத்தாய்ச்சி நர்ஸ் வெளியே வந்ததும் அவள் பின்னாலேயே போய், மருந்து அறை வாசலில் வைத்துச் சொன்னேன். எண்ணெய் பாட்டில், அதே விரல், ஏழாம் நாளிலிருந்து, எல்லாம்.

அவள் முகம் மாறிவிட்டது. "எத்தன நாளா பாத்துட்டு இருக்கீங்க?"

சொன்னேன்.

"ஏன் பாட்டி அன்னைக்கே சொல்லல?" கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பொண்ணுக்கு இருபத்திரண்டு வயசு."

பெரிய டாக்டர் கை கழுவாததை நான் சொல்லவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. அவரைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அண்ணியைச் சொல்ல நாற்பது வருட வெறுப்பு கைகொடுத்தது.

அண்ணியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நர்ஸ் பாட்டிலைக் கேட்டாள். அண்ணி கொடுக்க மாட்டேன் என்றாள். அன்றைக்குக் காகிதம் காட்டிய சின்ன டாக்டர் வந்தார். அவர் நியாயமாகத்தான் பேசினார்.

"இதாலதான் அந்தப் பொண்ணுக்கு வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. எங்க கையாலயும் போயிருக்கலாம், குழாயாலயும் போயிருக்கலாம். ஆனா அந்தப் பாட்டில் இனிமே உள்ள வரக்கூடாது. நீங்க செபம் பண்ணுங்க, வேணாம்னு சொல்லல. கையுறை போட்டுட்டு, உங்க தம்பிய மட்டும் தொட்டு, எண்ணெய் இல்லாம பண்ணுங்க."

நர்ஸ் ரப்பர் கையுறையை நீட்டினாள். அண்ணி அதை ஏதோ செத்த தவளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஒற போட்ட கையால எவனாவது ஆசீர்வாதம் பண்ணுவானா? எந்தம்பிக்கு நான் குண்டி கழுவி வுட்டவ. அவனத் தொடறதுக்கு நான் ஒற போடணுமா?"

"போடலன்னா உள்ள விட முடியாதும்மா."

"வுடாத. போ." பிறகு என் பக்கம் திரும்பினாள். வராந்தாவில் இருபது பேராவது இருந்தார்கள். "நீதான சொன்ன? வாயே இல்லாத பூச்சின்னு நெனச்சன். பூச்சிக்குக் கொடுக்கு இருக்குது. பொடி தூவித் தூவி எந்தம்பியப் படுக்க வச்சவ நீ. என் எண்ணெயில கிருமி இருக்குதாம். மாதா எண்ணெயில! சொன்ன வாய் அழுவிப் பூடும்."

என்னால் முடிந்தது ஒன்றுதான். "அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு, அண்ணி" என்றேன். மெதுவாகத்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"பாவம் பண்ணவ நீ" என்றாள். பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிப் போய்விட்டாள். தொண்டூர் அம்மாவுக்கு யாரும் விவரம் சொல்லவில்லை. ஏதோ அண்ணிக்கும் எனக்கும் குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டாள். "பெரியவங்கள இப்படி அனுப்பிட்டீங்களேக்கா" என்று என்னிடம் வருத்தப்பட்டாள். நானும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு காலை, சாயங்காலம் இரண்டு நேரமும் எனக்குத்தான். நர்ஸ் சொன்னபடி கழுவினேன், கையுறை போட்டேன். கையுறைக்குள் என் கை வெந்துபோகும். அந்த உறையோடு அவர் கையைப் பிடித்தால் எதையோ பிடித்த மாதிரிதான் இருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் கடைசி மருந்தும் கொஞ்சம் வேலை செய்தது. காய்ச்சல் குறைந்தது. கிட்னி போய்க்கொண்டிருந்தது.

பதினைந்தாம் நாள் கண் திறந்தார். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியாது. என்னை அடையாளம் தெரிந்தது. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி என்னைப் பார்த்தார். வலது கை கட்டை விரல் மட்டும் அசைந்தது. மெத்தை மேல் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. நிறுத்தினார். மறுபடி போட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா எங்கே என்று கேட்கிறார்.

நாற்பத்தோரு வருடம் சோறு போட்டவள் எதிரில் நிற்கிறேன். போர்வையை இழுத்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும் போட்டார். அன்றைக்கு விரல் குறுக்குக் கோட்டில் பாதியிலேயே நின்றுவிட்டது. நர்ஸ் பார்த்துவிட்டு, "தாத்தா ஏதோ எழுதுறாரு பாட்டி, என்ன கேக்குறாரு?" என்றாள். "தெரியலியே சிஸ்டர்" என்றேன்.

அண்ணிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு வா என்று சொல்லியிருந்தால், தம்பி கேட்கிறான் என்று தெரிந்தால், போட்டுக்கொண்டு வந்திருப்பாள். கண்டிப்பாக வந்திருப்பாள். வந்தால் அவர் முகம் அவளைப் பார்த்ததும் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை நான் நின்று பார்க்க வேண்டியிருக்கும். நான் போன் போடவில்லை. கிருமிக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு, பார்வையாளரை விடுகிற நேரத்துக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். மகன் அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான்.

அண்ணி அதற்குள் ஊரில் சொல்லி முடித்திருந்தாள். கல்லறைக்குப் போகும்போதே பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "செபம் பண்ண வந்தவங்கள வெளிய தள்ளுனா சாமி சும்மாவா இருக்கும்?" என்றாள் ஒருத்தி. "வாயத் தொறக்காதவள நம்பவே கூடாதுடி" என்றாள் இன்னொருத்தி. பங்குச் சாமியார் வந்து ஆறுதல் சொன்னார். அவரும் போகும்போது, "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்மா" என்றார். ஆர், ஆர், ஆர் என்று இருந்த காகிதத்தை நான் அவரிடம் எப்படி விளக்குவேன்?

முப்பதாம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அந்தத் தொண்டூர் அம்மா இறங்கினாள். பின்னால் அவள் பெண், எலும்பும் தோலுமாக, ஆனால் நடந்து வந்தாள். கையில் குழந்தை. அதே மருந்து அவளுக்குக் கேட்டுவிட்டது. சின்ன உடம்பு, கிட்னி தாங்கியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருந்தாள். குழந்தையை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன்.

அந்த அம்மா என்னைத் தாண்டிப் போய் அண்ணி காலில் விழுந்தாள்.

"நீங்க போட்ட எண்ணெதான்மா. டாக்டருங்களே கை வுட்ட கேஸு."

அண்ணி அவளைத் தூக்கி நிறுத்தி, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, "கேட்டுக்குங்க எல்லாரும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என் எண்ணெயில கிருமி இருக்குதுன்னவங்களும் கேட்டுக்குங்க."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவளைக் காய்ச்சலில் தள்ளியது எது, தூக்கிவிட்டது எது என்று அந்தக் கூட்டத்தில் சொல்ல என்னால் முடியாது. அந்தப் பெண் குழந்தையோடு நன்றாக இருக்கிறாளே, அவள் கேட்க வேண்டிய பேச்சும் இல்லை அது.

சாயங்காலத்துக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். மகன் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். அண்ணி மட்டும் போகவில்லை. அடுப்படி வாசப்படியில் வந்து உட்கார்ந்தாள். நான் விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்கறன். சத்தியமாச் சொல்லு" என்றாள். அந்த மாதிரிக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. "கடசில கண்ணு முழிச்சான்னு சொன்னாங்களே. என்னக் கேட்டானா?"

"கேட்டாரு."

"பொய் சொல்லாத. வாயிலதான் கொழா இருந்துச்சே."

"கட்ட வெரலால மெத்த மேல சிலுவ போட்டாரு. மூணு நாளு."

"நீ இன்னா சொன்ன அவனுக்கு?"

"புரியாத மாதிரி இருந்துட்டன், அண்ணி. தண்ணி வேணுமான்னு கேட்டன்."

"எனக்குச் சொல்லி அனுப்பலியே."

"அனுப்பல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் வாசக்கால் கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுவதற்கு நேரமாயிற்று, நான் கை கொடுக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனாள். செருப்பை மகன்தான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேனா? இல்லை. அன்றைக்கு அவள் ஜெயித்துவிட்டு எழுந்து போகக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். ஊர் முழுக்க அவள் பக்கம். அவளை நோகடிக்க என் கையில் அந்த ஒன்றுதான் இருந்தது.

ஏழு மாதம் ஆகிறது. இப்போது உடம்புக்கு முடியாதவர்கள் கூப்பிட்டு அனுப்பினால், முட்டி வலி, வர முடியாது என்கிறாளாம். பாட்டிலை என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் அவள் மனசை உடைத்துவிட்டேன் என்கிறார்கள். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் என்ன என்று மகன்கூடப் போனில் சொன்னான். நான் போகவில்லை. அவளும் வர வேண்டாம்.